எத்தனை உயிர்?

ஜெனோவா கண்ணைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, "அமலி சாப்பிட்டாளா?" என்பதுதான்.

எதிரில் நின்ற இளைஞனுக்கு அமலி யாரென்று தெரியாது. வெள்ளைக் கோட்டு, நெற்றியில் கலைந்துபோன விபூதி, கையில் ஒரு டம்ளர் தண்ணீர். சட்டைப்பையில் நவநீதன் என்று பெயர் குத்தியிருந்தான். அந்தப் பெயரை ரொம்ப வருஷத்துக்கு முன்னால் எங்கோ படித்ததாக அவளுக்கு ஞாபகம்.

"மெதுவா எந்திரிங்க மேடம். முதல்ல தண்ணி குடிங்க."

"ஸ்கூல் விட்டிருப்பாங்க. நாலு மணி ஆயிட்டுல்லா?"

"நாலு மணிதான். ஆனா காலையில ஒன்பது மணிக்குத்தான் இந்த நாற்காலியில வந்து உக்காந்தீங்க. அதே நாள்தான் மேடம் இது."

ஜெனோவா தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தாள். சோறு வடிக்கும்போது அமலி முந்தானையைப் பிடித்து இழுத்ததில் கஞ்சி கொட்டி வெந்த தழும்பு ஒன்று அங்கே இருக்க வேண்டும். நாலு வருஷமாக இருந்த தழும்பு. கை வழவழவென்று இருந்தது. அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. விளங்கியதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள். நவநீதன் பழக்கப்பட்டவன்போல ஒரு துண்டை எடுத்து நீட்டிவிட்டு, வெளியே போய் நின்றுகொண்டான்.

இது என்ன கூத்து என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் பின்னால் போய்த்தான் சொல்ல வேண்டும்.

ஏழுதுறை ஒரு சின்ன நாடு. கடல் ஏறி வந்து பழைய கரைகளைத் தின்ற காலத்தில், தெற்குக் கடற்கரை ஊர்களிலிருந்து படகேறிப் போனவர்கள் ஏழு திட்டுகளில் குடியேறி உண்டாக்கியது. பேச்சு, சாப்பாடு, சண்டை எல்லாவற்றையும் அங்கிருந்தே கட்டி எடுத்துப் போயிருந்தார்கள். தனியாக நின்றால் தாங்காது என்று தெரிந்து, சுற்றியுள்ள பத்து நாடுகளோடு சேர்ந்து தென்கடல் ஒன்றியத்தில் உறுப்பினர் ஆனார்கள். அதெல்லாம் ஜெனோவா பிறப்பதற்கு முன்னால்.

அவள் மூன்றாம் துறையின் துறைமுகக் கோபுரத்தில் வயர்லெஸ் பார்ப்பவள். கடலுக்குப் போகும் ஒவ்வொரு படகும் முகத்துவாரம் தாண்டும்போது அவளைக் கூப்பிட்டு, படகின் பெயரையும் எத்தனை உயிர் என்பதையும் சொல்லிவிட்டுப் போகும். ஆபத்தில் யாராவது கூப்பிட்டாலும் கோபுரம் கேட்கும் முதல் கேள்வி அதுதான். எத்தனை உயிர்? இரண்டாவது, எங்கே இருக்கிறீர்கள்? அதற்குமேல் கேட்பதில்லை. பக்கத்தில் எந்தக் கப்பல் இருக்கிறதோ அது போகும்; ஒன்றியத்தின் எந்த நாட்டுக் கப்பலாக இருந்தாலும் போகும். எந்த ஊர்க்காரர்கள் என்பதெல்லாம் தூக்கிவிட்டு, தலை துவட்டி, டீ கொடுக்கும்போது விசாரித்துக்கொள்வது. உயிர்க்கணக்கில் மட்டும் யாரும் விளையாடுவதில்லை. ஒன்று கூடுதலாகச் சொல்லிவிட்டால், இல்லாத ஆளைத் தேடி ராத்திரி பகலாக நாலு கப்பல் கடலைச் சல்லடை போடும். பொய்யும் புரட்டும் கைவந்த மீன் தரகர்கள்கூட அந்த ஒரு எண்ணைச் சரியாகச் சொல்வார்கள்.

அந்த ஏழுதுறைக்குத்தான் அருமைநாயகம் என்றொரு பிரதமர் வந்து சேர்ந்தார். ஒன்றியத்தின் மேல் ஜனங்களுக்கு மனக்குறை இருந்தது, பொய்க்குறை இல்லை. வடகரை நாட்டின் பெரிய இழுவைக் கப்பல்கள் இவர்கள் வாசலிலேயே வந்து அள்ளிக்கொண்டு போயின. வலைக்கண் அளவு சரியில்லை என்று ஒன்றியத்து அதிகாரிகள் இங்கே உள்ளவர்களின் வலையை அறுத்தார்கள். பிரதமர் மேடை மேடையாகச் சொன்னார்: "அவசரப்பட்டு வெளியே போக வேண்டாம். முதலில் உட்கார்ந்து பேசுவோம். நம் உறுப்புரிமையின் நிபந்தனைகளைப் புதிதாக எழுதி வாங்கிக்கொண்டு வருகிறேன். அதற்கப்புறம் இருப்பதா போவதா என்று நீங்களே சொல்லுங்கள்."

"போறேன் போறேன்னு சொல்லிக்கிட்டே சாப்பாட்டுக்குப் பெரிய தட்டாப் பாத்து எடுத்து வைக்கிற மாப்பிள்ளை மாதிரில்லா இருக்கு," என்றாள் ஜெனோவா.

அவள் கணவன் கஸ்பார் வலையில் பொத்தல் அடைத்துக்கொண்டிருந்தான். அவன் பிரதமர் கட்சி. "எல்லாத்துக்கும் ஒரு நொட்டை சொல்லுவ நீ. வடகரைக்காரன் வந்து அள்ளிட்டுப் போறானே, அதைக் கேக்க வேண்டாங்கியா?"

"கேக்கணும். ஆனா என்னத்தைக் குடுத்து வாங்கப் போறாரு? மொத்தம் பதினோரு நாடு. நமக்கு ஒண்ணு கூடக் குடுத்தா மத்தவன் சும்மா இருப்பானா? நம்ம கையில இருக்கிறதை எதையோ வாங்கிட்டுத்தான் குடுப்பான். நம்ம ஆளு என்னத்த விட்டோம்னு சொல்ல மாட்டாரு. வாங்கினதுக்கு மட்டும் மாலை போட்டுட்டு வருவாரு."

"உனக்கு யாரு மேலயும் நம்பிக்கை கிடையாதுட்டி."

"உங்க மேல இருக்கே," என்றாள். அவன் சிரித்துவிட்டான். கல்யாணமாகிப் பத்து வருஷம். குழந்தை இல்லை. மூன்றாம் துறையில் ஒன்று, தலைநகரில் இரண்டு என்று மூன்று மருத்துவமனை பார்த்து, இனிமேல் போக வேண்டாம் என்று இருவருமாக முடிவு செய்துவிட்ட பிறகு, இப்படிச் சண்டையும் சிரிப்புமாகத்தான் அந்த வீட்டில் பொழுது போய்க்கொண்டிருந்தது.

பிரதமர் பேசி முடித்து ஒரு புதிய உடன்படிக்கையோடு வந்தார். ஆயிரத்துச் சொச்சம் பக்கம். படித்துப் பார்த்து யாருக்கும் புரியாது என்பதால்தான் ஒன்றியம் முன்வாழ்வு என்ற ஏற்பாட்டையே வைத்திருந்தது. ஒரு நாடு தன் நிபந்தனைகளை மாற்றுவதென்றால், அதன் குடிமக்கள் பன்னிரண்டு பேர் அந்தப் புதிய நிபந்தனைகளுக்குக் கீழே பத்து வருஷம் முன்கூட்டியே வாழ்ந்து பார்த்துவிட்டு வந்து நாட்டுக்குச் சாட்சி சொல்ல வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்த ஒரு பகல் பொழுதில் பத்து வருஷம். குலுக்கலில் அவள் பேர் விழுந்தபோது கஸ்பார் கைகொட்டிச் சிரித்தான். "போயி நீயே வாழ்ந்து பாத்துட்டு வா. அப்புறமாவது வாயை மூடுவியா பாப்போம்."

தலைநகரில் அந்த நாற்காலியில் உட்காரவைக்கும்போது, அவளுக்கிருந்த சந்தேகத்தையெல்லாம் நவநீதனிடம்தான் கொட்டினாள். யார் கணக்குப் போடுகிறார்கள், நம் அரசாங்கம் தனக்கு வேண்டியபடி மாற்றிக் காட்டாதா என்று.

"பொது விஷயம் எதுலயும் நாங்க கைவைக்க முடியாது மேடம்," என்றான் அவன். "மீன், விலைவாசி, சட்டம், கப்பல் போக்குவரத்து எல்லாம் ஒன்றியத்தோட கணக்கு. பதினோரு நாட்டு ஆளுங்களும் சரிபார்ப்பாங்க. உங்க சொந்த வாழ்க்கை மட்டும் அதுல வராது. யாருக்கு எப்ப காய்ச்சல் வரும், யாரு யாரோட பேசுவாங்கன்னு எந்தக் கணக்கு சொல்லும்? அந்த மாதிரி காலியா இருக்கிற இடத்தை நாங்க நிரப்புவோம். அது சும்மா. பெருசா எடுத்துக்காதீங்க."

"உள்ள போனா இது ஞாபகம் இருக்குமா?"

"இருக்காது. இருந்தா வாழ முடியாதே."

அவள் அதையும் சந்தேகமாகத்தான் பார்த்தாள். பார்த்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

முதல் வருஷத்தில் வடகரைக் கப்பல்கள் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. உடன்படிக்கைப்படி ஏழுதுறையைச் சுற்றிக் கடலில் ஒரு கோடு போட்டிருந்தார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் இவர்களுடையது. கஸ்பாரின் படகில் சீலா மீன் மூக்கு முட்ட வந்து இறங்கியது. "என்ன மகாராணி, இப்ப என்ன சொல்லுதீய?" என்று அவன் சீண்டுவான். ஒருவேளை நாம்தான் தப்போ என்று ஒன்றிரண்டு தடவை அவளுக்கே தோன்றியது.

இரண்டாம் வருஷக் கடைசியில் அவளுக்கு நாள் தள்ளிப்போனது. டாக்டரம்மா இரண்டு தடவை சோதித்துப் பார்த்துவிட்டு, "சில பேருக்கு இப்படி நடக்கத்தான் செய்யும்" என்றார். பால்காரன் பாலில் தண்ணீர் ஊற்றுகிறானா என்பதிலிருந்து பாதிரியார் பூசையைச் சீக்கிரம் முடிக்கிறாரா என்பதுவரை சந்தேகப்படுகிறவள், அந்த ஒரு வார்த்தையை அப்படியே நம்பினாள். வேறென்ன செய்வாள்? பத்து வருஷம் கேட்டு, கேட்டு, கேட்பதை நிறுத்திய பிறகு கிடைத்தது.

அமலி பிறந்தாள். மீன்காரன் பெண் மீனைத் தொட மாட்டாள். அப்பளம் இருந்தால் போதும், ஒரு தட்டுச் சோறு இறங்கும். அப்பாவின் காதை ஒரு கையால் பிடித்துக்கொண்டால்தான் தூக்கம் வரும். கஸ்பாருக்கு ஒரு காது மட்டும் எப்போதும் சிவந்திருக்கும். பேச வந்ததும் அம்மாவோடு கோபுரத்துக்கு வந்து, வயர்லெஸ்ஸில் அப்பா குரல் கேட்டால் உட்கார்ந்த இடத்திலிருந்து கத்துவாள். அவன் படகில் அவனும் அவன் கூட்டாளி தொம்மையும் மட்டும்தான். "ரெண்டு உயிர்," என்பான் கஸ்பார். "மூணு, மூணு, நானும்," என்று இவள் இங்கிருந்து கத்துவாள். அப்படியெல்லாம் சொல்லக் கூடாது என்று ஜெனோவா வாயைப் பொத்துவாள்.

அமலிக்கு மூன்று வயது நடக்கும்போது அது நடந்தது.

உடன்படிக்கையின் கடைசிப் பக்கங்களில் ஒரு வரி இருந்தது. ஒவ்வொரு நாடும் தன் கோட்டுக்குள் தன் மக்களைத் தானே மீட்டுக்கொள்ளும் என்று. வாசிக்கும்போது மானமுள்ள வரியாகத்தான் இருந்தது. பேச்சுவார்த்தை நடந்தபோது ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. கடலில் அந்தக் கோடு கிடைப்பதற்குக் கொடுத்த விலை அதுதான். அதன்படி கோபுரத்துக்கும் புது விதி வந்தது. கூப்பிடுகிறவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: எந்த நாடு?

அன்று மதியம் காற்று திரும்பி, கஸ்பாரின் படகில் எஞ்சின் நின்று, தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஏழுதுறையின் இரண்டு மீட்புக் கப்பல்களும் எதிர்ப்பக்கத்தில் இருந்தன. கோட்டை ஒட்டி மணற்கரை நாட்டுச் சரக்குக் கப்பல் ஒன்று நின்றது. வயர்லெஸ்ஸில் கஸ்பார் கூப்பிட்டான். பதிவாகிற அழைப்பு, விதிப்படி கேட்காவிட்டால் மேலே எதுவும் நகராது. தன் புருஷனிடம் ஜெனோவா கேட்டாள்: "எந்த நாடு?"

அவன், "ஏழுதுறைதான் ஜெனோ. ரெண்டு உயிர்," என்றான்.

மணற்கரைக் கப்பலின் கேப்டனுக்கு அவளைப் பதினைந்து வருஷமாகக் குரலில் பழக்கம். "அக்கா, படகு என் கண்ணுக்குத் தெரியுது," என்றார். "தொட்டுடுற தூரம். ஆனா கோட்டுக்கு உங்க பக்கம் இருக்கு. அனுமதி இல்லாம நுழைஞ்சா கப்பலைப் பிடிச்சு வைப்பாங்க. போன மாசம் ஒருத்தரை வச்சிட்டாங்க. சீக்கிரம் வாங்கித் தாங்கக்கா." அவள் மூன்றாம் துறை அலுவலகத்தைக் கேட்டாள். அவர்கள் தலைநகரைக் கேட்டார்கள். தலைநகரில் யாரோ யாரையோ தேடினார்கள். அனுமதி வந்தது. வந்தபோது கேப்டன் அழுதுகொண்டிருந்தார். பலகைகள் மட்டும்தான் மிதந்தன.

அதற்குப் பிறகும் நாலு வருஷம் வாழ்ந்தாள். அமலி இல்லாவிட்டால் வாழ்ந்திருக்க மாட்டாள். அப்பா காது இல்லாமல் அவள் தூங்கப் பழக ஒரு வருஷம் ஆயிற்று. பிறகு பள்ளிக்கூடம், ரிப்பன், பல் விழுந்தது, அப்பளம் பொரிக்கத் தானே அடுப்படிக்கு வந்தது. ஒரு நாள் நாலு மணிக்குப் பள்ளி விடும் நேரம் பார்த்து ஜெனோவா வாசலில் போய் நின்றாள். நின்றவள் அந்த நாற்காலியில் கண் விழித்தாள்.

சாட்சி சொல்வது மறுநாள் காலையில். அதுவரை சாட்சிகள் யாரும் ஒருவரோடொருவர் பேசக் கூடாது. வீட்டுக்கும் பேசக் கூடாது. ஜெனோவா தலைநகர் விடுதியில் படுத்துக்கொண்டு, கஸ்பார் உயிரோடு இருக்கிறான் என்பதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். உயிரோடு இருக்கிறான், வலை அடைத்துக்கொண்டிருப்பான், நாளைக்குப் பார்க்கலாம். அந்தச் சந்தோஷம் மனசில் முழுதாகப் பிடிபடுவதற்குள் அமலி வந்து நின்றாள். நாற்காலியில் உட்காரவைக்கும்போது நவநீதன் சொன்னதெல்லாம் பத்து வருஷத்துக்கு அப்பால் மறந்துபோயிருந்தது. இந்த உடன்படிக்கை வந்தால் அவள் வருவாள். வராவிட்டால் வர மாட்டாள். கஸ்பாரைக் காப்பாற்ற ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த வார்த்தை அவளைப் பிறக்கவிடாமல் செய்துவிடும். பெற்ற பிள்ளையைத் தன் வாயாலேயே இல்லாமல் ஆக்குவது என்றுதான் அவளுக்கு அது பட்டது. வேறு எப்படியும் பார்க்க முடியவில்லை.

அவைத் தலைவி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எல்லாரிடமும் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். "இந்த உடன்படிக்கையை ஏழுதுறை மக்களுக்குப் பரிந்துரைக்கிறீர்களா?"

ஜெனோவாவின் வாயில் "ஆமாம்" வந்து உட்கார்ந்திருந்தது. அதை விழுங்கினாள்.

"இல்லை," என்றாள். "கடல்ல யாரு கூப்பிட்டாலும் எத்தனை உயிர்னுதான் நாங்க கேப்போம். அங்க நான் எந்த நாடுன்னு கேட்டேன். அப்படிக் கேக்க வேண்டி வந்துட்டு. அதுக்குமேல எனக்குச் சொல்லத் தெரியலம்மா."

அமலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னதோடு இறங்கி வந்துவிட்டாள்.

மற்றப் பதினொரு பேரும் ஆமாம் என்றார்கள்.

திரும்பி வரும் படகில் இன்னும் இரண்டு சாட்சிகள் இருந்தார்கள். ஐந்தாம் துறையில் மிட்டாய்க் கடை வைத்திருக்கும் வள்ளிநாயகம் அண்ணாச்சி. பள்ளிக்கூட டீச்சர் கதீஜா. சாட்சி முடிந்துவிட்டதால் இனிப் பேசலாம். வெயில் சாய்ந்திருந்தது. அண்ணாச்சி வாங்கிக் கொடுத்த டீ ஜெனோவாவின் கையில் ஆறிக்கொண்டிருந்தது.

"ஒத்தையா நின்னு இல்லைன்னு சொன்னியே தாயி. அங்க உனக்கு ரொம்பக் கஷ்டமோ?" என்று கேட்டார் அவர்.

"வீட்டுக்காரரு போயிட்டாரு அண்ணாச்சி. கடல்ல." டீயைப் பார்த்தபடி சொன்னாள்: "ஆனா ஒரு பிள்ளை இருந்தா. இங்க எங்களுக்குப் பிள்ளை கிடையாது. அங்க இருந்தா."

கதீஜா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் உம்மாவுக்கு அஞ்சு வருஷமா யாரையும் அடையாளம் தெரியலைக்கா. என்னையவே யாரு நீன்னு கேப்பாங்க. அங்க ஒரு நாள் காலையில கதீஜான்னு கூப்பிட்டாங்க. அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் மறக்கவேயில்லை. விலைவாசி ஏறிச்சு, ஸ்கூல்ல பாதிச் சம்பளம், அதெல்லாம் உண்மைதான். ஆனா உம்மா கூப்பிட்டாங்கல்ல. அதான் ஆமாம்னுட்டேன்."

ஜெனோவா டீயைக் கீழே வைத்தாள். "அண்ணாச்சி, உங்களுக்கு?"

"எனக்கு என்ன?" அவர் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மூத்தவன் என்கிட்ட கோவிச்சுக்கிட்டு மணற்கரைக்குப் போயிப் பதினாலு வருஷமாச்சு. ஒரு போன் கிடையாது. அங்க வந்துட்டான். கடையில எனக்கு எதிர்த்தாப்புல உக்காந்து பூந்தி தேச்சான்."

பிள்ளை இல்லாதவளுக்குப் பிள்ளை. மறந்துபோன தாய்க்கு ஞாபகம். ஓடிப்போன மகனுக்குத் திரும்பி வர வழி. அவரவர் வீட்டில் எது இல்லையோ அது. காலியா இருக்கிற இடத்தை நாங்க நிரப்புவோம் என்று சொன்னானே அந்தப் பையன். ஜெனோவா எழுந்து, படகின் பின்பக்கம் போய், மனசு சரியில்லையென்றால் கூப்பிடுங்கள் என்று அவன் கொடுத்திருந்த எண்ணில் கூப்பிட்டாள்.

"உண்மையைச் சொல்லுங்க தம்பி. எங்க எல்லாருக்கும் கேட்டது கிடைச்சிருக்கே, எப்படி?"

"விதியில தப்பில்ல மேடம்," என்றான் நவநீதன். "காலி இடத்தை என்னத்தை வச்சு நிரப்பணும்னு எங்கயும் எழுதலை. நிரப்புறதுதான் நிரப்புறீங்க, நல்லதா நிரப்புங்க, ஜனங்க மிரண்டுடக் கூடாதுன்னு பிரதமர் ஆபீஸ்ல சொன்னாங்க. உங்க மருத்துவமனை விவரமெல்லாம் அவங்கதான் கொடுத்தாங்க."

"அவ பேரு யாரு வச்சது?"

"பேரு நாங்க வைக்கலை. அது நீங்க வச்சதுதான். அவ முகம், பேச்சு எல்லாம் உங்க மனசுல இருந்து வந்ததுதான் மேடம். ஒரு குழந்தைன்னு மட்டும்தான் நாங்க போட்டோம்." பிறகு மெதுவாக, "அங்க சந்தோஷமா இருந்தீங்கல்ல?" என்று கேட்டான். அவள் போனை வைத்துவிட்டாள்.

பேரம் பேசப் போன பிரதமர் விலை கொடுக்காமல் எதையும் எழுதி வாங்கி வருவார் என்று அவள் ஒரு நாளும் நம்பியதில்லை. பேரத்துக்குள் தன் பிள்ளையையே ஒரு சாமானாகப் போட்டிருப்பார்கள் என்று மட்டும் தோன்றவில்லை. பொய் என்று தெரிந்தபின் துக்கம் குறைய வேண்டும். குறையவில்லை. நேற்று ராத்திரி அழுதது அமலி பிறக்க மாட்டாளே என்று. இப்போது அவள் எந்த வழியிலும் பிறப்பதாகவே இருந்ததில்லை. அவளைக் காப்பாற்றாமல் விட்டோமே என்று அழவும் இனி வழியில்லை.

திரும்பி வந்து அண்ணாச்சியிடம் சொன்னாள். கதீஜா தூங்கிப்போயிருந்தாள், அவளை எழுப்ப மனம் வரவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"எனக்குத் தெரியும் தாயி."

"எப்படி?"

"என் மகன் வந்து மன்னிப்புக் கேட்டான். அவன் அப்படிக் கேக்கிறவன் இல்லை. ரெண்டாவது நாளே எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்திச்சு. வெளிய வந்ததும் புரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா ஆமாம்னீங்க?"

"பத்து வருஷம் என்கூட இருந்தான். அந்தப் பத்து வருஷத்தைப் பாத்து எப்படி இல்லைன்னு சொல்ல? என் வாயில வரலை." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீ சொன்ன. உனக்குப் பெரிய மனசு. எனக்கு இல்லை."

ஜெனோவாவுக்கு அவர்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆறிப்போன டீயைக் கடலில் ஊற்றிவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

துறையில் கஸ்பார் காத்திருந்தான். கூட்டத்துக்கு நடுவில் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவள் விடவில்லை. "என்னட்டி இது, ஊரே பாக்குது," என்றான். அவன் கைலியில் மீன் வாடை அடித்தது. இரண்டு நாள் பிரிவுக்கு இவ்வளவா என்று பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்கு நாலு வருஷம்.

வீட்டுக்கு வந்ததும் எதையும் மறைக்காமல் சொன்னாள். கோடு, அந்தக் கடைசி வரி, எஞ்சின் நின்றது, எந்த நாடு என்று அவனிடமே கேட்டது. அமலியைச் சொன்னாள், கோபுரத்திலிருந்து அவள் மூணு, மூணு என்று கத்தியதையும் சொன்னாள். அமலி ஏன் இருந்தாள் என்பதையும் சொன்னாள். தன் சாவைக் கேட்டபோது கஸ்பார் பீடியைப் பற்றவைத்தான். மகளைப் பற்றிச் சொன்னபோது அது தானாக அணைந்தது.

"யாரை மாதிரி இருந்தா?" என்று கேட்டான்.

"நெத்தி உங்களுது. பிடிவாதமும் உங்களுது."

"என் காதைப் பிடிச்சுக்கிட்டா தூங்குவா?"

"ஆமா."

"எந்தக் காது?"

அவள் அவனுடைய இடது காதைத் தொட்டுக் காட்டினாள். அவன் அந்தக் கையை அங்கேயே பிடித்து வைத்துக்கொண்டான்.

நிரப்பின கதையை ஜெனோவா பத்திரிகைகளுக்குச் சொல்லிப் பார்த்தாள். விதிமீறல் எதுவும் இல்லை என்று ஒன்றியம் ஒரு வரியில் பதில் கொடுத்தது. தோற்ற சாட்சி அப்படித்தான் பேசுவாள் என்று பிரதமர் கட்சிக்காரர்கள் சொன்னார்கள். வாக்கெடுப்பில் உடன்படிக்கை ஜெயித்தது, நெருக்கமாகத்தான் ஜெயித்தது. வாக்குச்சாவடியிலிருந்து வரும்போது, "நீங்க எதுல குத்துனீங்க?" என்று அவள் கேட்டாள். "கேக்காத ஜெனோ," என்றான் கஸ்பார். அவள் கேட்கவில்லை.

புது உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த முதல் நாள் காலையில், கோபுரத்தின் கண்ணாடியில் புது விதியை யாரோ ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். முதல் கேள்வி: எந்த நாடு? ஜெனோவா அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கடலுக்குப் போகாதீர்கள் என்று அவள் கஸ்பாரிடம் கெஞ்சாத நாளில்லை. வேறு என்ன தொழில் தெரியும் எனக்கு என்பான் அவன். வானம் தெளிவாக இருந்தது. வெளியே எங்கும் வடகரைக் கப்பல்கள் இல்லை. துறையில் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

படகுகள் ஒவ்வொன்றாக முகத்துவாரம் தாண்டின. கஸ்பாரின் படகில் அவனும் தொம்மையும் நிற்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. வயர்லெஸ் கரகரத்தது.

"கோபுரம், கோபுரம். கஸ்பார் பேசுதேன்."

"எத்தனை உயிர்?" என்றாள் ஜெனோவா. அவள் இருக்கும்வரை அதைத்தான் கேட்பாள்.

"மூணு."

அவள் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் மறுபடியும் பார்த்தாள். இரண்டு பேர்தான். "என்ன சொல்லுதீய? சரியாச் சொல்லுங்க. அந்தக் கணக்குல விளையாடக் கூடாது. இல்லாத ஆளைத் தேடுவாங்கல்லா?"

"இனிமே யாரு ஜெனோ தேடி வரப்போறா?" என்றான் கஸ்பார். குரலில் கோபம் இல்லை. "மூணுன்னே போட்டுக்கோ."

எஞ்சின் சத்தத்தில் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. படகு வெளியே போனது. ஜெனோவா மூன்று என்று பதிந்துகொண்டாள்.